பேட்டரி ஏட்டும் டபுள் விசிலும்

காக்கிச் சட்டை போட்டவர்களில் கத்தியைக் கண்டு பயப்படாதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். கரண்ட் கட்டைக் கண்டு கதிகலங்கிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, எங்கள் மாமல்லபுரத்துப் பேட்டரி ஏட்டுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் சட்டைப் பைக்கு மேலே குத்தியிருந்தது. அதை யாரும் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பட்டப்பெயருக்குக் காரணம் அவருடைய ரோந்து வண்டி. கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில், கேட்டிலிருந்து ரூம் வரைக்கும் விருந்தாளிகளையும் பெட்டிகளையும் ஏற்றிப்போக வைத்திருந்த பேட்டரி வண்டியை ஸ்டேஷனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்கள். கதவு கிடையாது. மேலே ஒரு கூரை, கூரையைச் சுற்றிக் குஞ்சம். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் உட்காரும் இரண்டு பேர் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த வழியையே பார்த்தபடி போக வேண்டும். வெள்ளை பெயின்ட் அடித்து, 'காவல்' என்று எழுதி, தலையில் சுழல் விளக்கையும் வைத்தார்கள். குஞ்சத்தைப் பிடுங்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பெயின்டுக்கு அடியிலிருந்து ஒரு தென்னை மரமும் ஸ்ட்ரா போட்ட இளநீரும் மங்கலாக எட்டிப் பார்த்தன. ரிவர்ஸ் எடுத்தால் பொம்மைக் கடை மெட்டு ஒன்று கேட்கும். ரோந்து வண்டியைப் பார்த்து எங்கள் தெருக் குழந்தைகள் கை தட்டியது அந்தக் காலத்தில்தான்.

சைரன் போட்டால் வண்டி மெதுவாகிவிடும். விளக்கைப் போட்டால் சைரன் முனகும். இரண்டையும் போட்டால் வண்டி நின்றுவிடும். ஆகையால் அவசரம் என்றால் ஏட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டி, "வயி வுடு, வயி வுடு, போலீஸ் வர்து!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருவார். கத்துவதற்குப் பேட்டரி செலவாகாது.

சுற்றுலா வந்தவர்களுக்கு அது வாடகை வண்டி. கை காட்டி நிறுத்தி, "அஞ்சு ரதம் போகுமா?" என்பார்கள். ஒருநாள் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய ஒருவனைத் துரத்திக்கொண்டு போகும்போது, வேகத்தடையில் வண்டி தயங்கிய நேரம் பார்த்து ஒரு குடும்பமே பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டது. "எறங்குங்கம்மா, திருடனப் புடிக்கப் போறேன்" என்று ஏட்டு கெஞ்சியிருக்கிறார். அந்த அம்மாள், "போற வழியிலதானே, இறக்கி விட்டுடுங்க" என்றாராம். திருடன் கலங்கரை விளக்கம் வரைக்கும் ஓடி, திரும்பிப் பார்த்து, துரத்துவது இதுதானா என்று நடக்க ஆரம்பித்தான். அந்த மெத்தனத்தில்தான் மாட்டினான். அவனை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஏட்டுக்குப் புதுக் கவலை.

"கம்பிய கெட்டியா புட்ச்சிக்கோடா. வண்டிக்குக் கதவு இல்ல. வளைவுல வுழுந்து கிழுந்து வெச்சீன்னா என் வேலை பூடும்."

மேட்டில் வண்டி முக்கியது. அவனே இறங்கித் தள்ளிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

சார்ஜ்தான் ஏட்டுக்குப் பெரிய பேஜாரு. டேஷ்போர்டில் நாலு பச்சைப் புள்ளிகள் எரியும். ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட். விரலால் அதைத் தட்டித் தட்டிப் பார்ப்பார், ஜுரக்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. இரண்டுக்கு இறங்கினால் அவருக்கு வியர்த்துவிடும். உடனே பக்கத்தில் எந்த வீடோ அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஜங்ஷன் பாக்ஸையும் வயரையும் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணி, கொஞ்சம் கரண்ட் குடுப்பீங்களா?" என்று நிற்பார். சார்ஜ் ஏறும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். டீ கொடுத்தால் குடிப்பார். பேசினால் கேட்பார். இப்படி ஊரில் பாதி வீட்டின் பிளக்கும், பாதி வீட்டின் கதையும் அவருக்கு அத்துப்படி.

எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பிளக் இருந்தது, என் கெட்ட நேரம். நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மெயில் வந்தாலும் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். போலீஸ் வண்டி வாசலில் நிற்கிறது என்றால் கேட்கவா வேண்டும்? முதல் நாளே செய்யூரிலிருந்து என் சித்தப்பா போன் செய்துவிட்டார். "இன்னாடா, உங்க வூட்டாண்ட போலீஸ் வண்டி நிக்குதாமே? யாரப் புட்ச்சாங்க?"

"சார்ஜ் போடறாங்க சித்தப்பா."

"இன்னா சார்ஜ்? கேசா?"

அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பாயிண்ட் ஏறிவிட்டது.

என் அப்பாவுக்கு மட்டும் ஏட்டு வந்தால் கொண்டாட்டம். அப்பா செங்கல்பட்டு - மாமல்லபுரம் ரூட்டில் அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கொஞ்ச நாளாக ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. என் பெயர் வரும், போகும். என் மனைவி கலையரசியை அவள் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பஸ் மட்டும் ஒரு போல்ட் நட்டு விடாமல் அப்படியே இருந்தது. ஏட்டு சார்ஜுக்கு உட்கார்ந்தால் அப்பா ஆரம்பிப்பார்.

"இப்போ ஓட்றவன்லாம் டிரைவரா? டபுள் விசில் வராம வண்டிய எடுக்கறானுங்க. கண்டக்டர் டபுள் விசில் குடுக்காம ஒரு இஞ்ச் நகரக் கூடாது தம்பி. பின்னாடி படிக்கட்டுல எந்தத் தாயி தொங்கிகினு கீறாளோ, நமக்கு இன்னா தெரியும்?"

"கரெக்டு நைனா" என்பார் ஏட்டு, ஒரு கண்ணை பாயிண்ட் மேலே வைத்துக்கொண்டு. அதே கதையை மறுநாளும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பார். எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

விடிந்தால் அப்பா காக்கிச் சட்டையைத் தேடுவார். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று தவிப்பார். ஒருபக்கம் கடல், மறுபக்கம் லாரி பறக்கிற ரோடு. நடுவில் எங்கள் வீடு. அதனால் கேட்டை எப்போதும் பூட்டி வைத்திருந்தோம். பூட்டினேனா என்று ராத்திரி நான் எழுந்து எழுந்து பார்ப்பேன்.

ஐப்பசி மாதம், விடாத மழை. ஒருநாள் காலை கலையரசி பால் வாங்கத் திறந்த கேட் சரியாகச் சாத்தவில்லை. நான் பல் தேய்த்துவிட்டு வந்து பார்க்கிறேன், அப்பா கட்டில் காலி. பாத்ரூம் காலி. ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டை இல்லை.

"ஐயோ, அலை வேற பெருசா அட்ச்சிகினு கீதே!" என்று கலையரசி கடல் பக்கம் ஓடினாள். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஜீப் ஏதோ பந்தோபஸ்துக்காகச் செங்கல்பட்டு போயிருந்தது. மிச்சம் இருந்தது குஞ்சம் வைத்த வண்டி. பக்கத்தில் ஏட்டு, முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தார்.

"ராத்திரி பூரா கரண்ட் இல்ல தம்பி. ரெண்டு பாயிண்ட்தான் கீது."

"ஏட்டய்யா, அப்பாவக் காணோம்."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், ஒரு நிமிஷம் பாயிண்டைப் பார்த்தார். பிறகு சுழல் விளக்கின் ஒயரைப் பிடுங்கினார். லத்தியைத் தூக்கிக் கீழே போட்டார். பின்சீட்டில் இருந்த ரெயின்கோட்டு, ஸ்டெப்னி எல்லாவற்றையும் இறக்கினார். "வெயிட்டு கொறையணும். நீயும் ஏறாத. பக்கத்துலயே ஓடியா."

ஓடினேன். போலீஸ் வண்டிக்குப் பக்கத்தில், பனியனோடு, அதே வேகத்தில். என்னைக் கைது செய்து ஓட வைத்துக் கூட்டிப்போகிறார்கள் என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

சார்ஜ் போட்ட வீடு ஒவ்வொன்றின் வாசலிலும் ஏட்டு குரல் கொடுத்தார். "அண்ணி! டிரைவர் நைனாவப் பாத்தீங்களா?" கதவுகள் திறந்தன. யாருக்கும் எந்த நைனா என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. நாலாவது வாசலோ ஐந்தாவது வாசலோ, இட்லிக் கடை அம்மா கரண்டியோடு வெளியே வந்தார்.

"இப்பத்தான் போனாரு. செங்கல்பட்டு டெப்போவுக்கு லேட்டாய்ட்சுன்னு சொல்லிகினே பூஞ்சேரி பக்கம் நடந்தாரு. நானும் யாரோ கூட வராங்கன்னு நெனச்சேன்."

கடல் இல்லை. பாதி உயிர் வந்தது. பூஞ்சேரி என்றதும் அந்தப் பாதியும் போனது. கூட்டு ரோட்டில் லாரிகள் யாருக்கும் நிற்பதில்லை.

கூட்டு ரோட்டைத் தாண்டி, திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் அவரைப் பார்த்தோம். காக்கிச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தார் ரோட்டின் ஓரமாக விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். நான், "அப்பா!" என்று அலறினேன். திரும்பிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. யாரோ பனியன் போட்ட ஆள் துரத்துகிறான் என்று மிரண்டு நடு ரோட்டுக்கு இறங்கிவிட்டார். ஒரு டிப்பர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வளைந்து போனது. அதன் சேறு என் முகத்தில் அடித்தது.

"கத்தாத!" என்றார் ஏட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ அப்படியே நில்லு."

தொப்பியைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்தார். சத்தமே இல்லாத அந்த வண்டியை அப்பா நடக்கிற வேகத்துக்கு, அவர் தோளோடு தோளாக உருட்டிக்கொண்டு போனார். வேறு எந்தப் போலீஸ் வண்டியாலும் அவ்வளவு மெதுவாகப் போயிருக்க முடியாது.

"நைனா, வண்டி வந்துட்சு. டிரைவர் வரல."

அப்பா நின்றார். வண்டியை மேலும் கீழும் பார்த்தார். முன் டயரை ஒரு உதை விட்டுப் பார்த்தார். பஸ் எடுப்பதற்கு முன் எப்போதும் அப்படித்தான் செய்வார். "இன்னா வண்டி இது? கண்டம் பண்ணி ஓரங்கட்டுனதா?"

"புது மாடல் நைனா. கரண்ட்டுல ஓடும்."

"கண்டக்டர் யாரு?"

ஏட்டு சட்டைப் பையிலிருந்து போலீஸ் விசிலை எடுத்துக் காட்டினார். "நான்தான்."

ஏட்டு பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துகொள்ள, அப்பா ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். ஏட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் மெல்லப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அப்பா திரும்பி, "எங்க போவணும் சார்?" என்றார்.

பெற்ற மகனை சார் என்கிறாரே என்ற துக்கம் ஒரு பக்கம், அந்த சாரையாவது பத்திரமாக ஏற்றிக்கொண்டாரே என்ற நிம்மதி ஒரு பக்கம். "மாமல்லபுரம்" என்றேன்.

"ரைட்டு" என்றார் ஏட்டு. விசில் இரண்டு முறை ஒலித்தது. வண்டி வந்த வழியே திரும்பி நகர்ந்தது.

கூட்டு ரோட்டில் ஏட்டு ஓடும் வண்டியிலிருந்து பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, கையை நீட்டி ஊதிய ஊதலில் நாலு பக்க லாரியும் நின்றது. அப்பா இடமும் வலமும் பார்த்து, கியர் இல்லாத வண்டியில் கையால் கியரைத் தேடியபடி, குஞ்சம் ஆட, ராஜா மாதிரி கடந்துபோனார். நான் பின்னால் திரும்பி உட்கார்ந்திருந்ததால், நின்ற லாரி டிரைவர்களின் முகங்களை நன்றாகப் பார்க்க முடிந்தது. ஏட்டு ஒவ்வொரு திருப்பத்திலும் பாயிண்டைத் தட்டினார். ஒன்றே ஒன்று சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு முனையில் அதுவும் அணைந்தது. அப்பா கொஞ்சமும் கலங்கவில்லை. "எல்லாம் எறங்கித் தள்ளுங்கப்பா!" என்றார். நானும் ஏட்டும் தள்ளினோம். சார்ஜ் கொடுத்த வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து தள்ளினார்கள். கலையரசி கடற்கரையிலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்து அவளும் கை வைத்தாள். எங்கள் கேட் வந்ததும் ஏட்டு ஒரே ஒரு விசில் கொடுத்தார். ஒற்றை விசிலுக்கு பஸ் நிற்க வேண்டும். அப்பா பிரேக்கை மிதித்தார்.

அந்த வண்டி அடுத்த வருஷ மழைக்குத் தாங்கவில்லை. ஏட்டுக்கும் செய்யூர் பக்கம் மாற்றல் வந்தது. நல்ல டீசல் ஜீப்பே கிடைத்தது. போகிற அன்று வீட்டுக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நைனா, கொஞ்ச நாள் நான் செய்யூர் லைன் பாக்கறேன். நான் விசில் குடுக்காம வண்டிய எடுத்துடாத."

"எடுப்பனா?" என்றார் அப்பா, அவமானப்பட்டவர் மாதிரி.

எடுக்கவில்லை. விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வருவார். "கண்டக்டர் வந்துட்டானா?" என்பார். நான் செய்யூருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைப்பேன். ஒற்றை விசில் கேட்கும். அப்பா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் நாஷ்டாவுக்கு உட்காருவார். ஒருநாள் அங்கே ரோல்கால் நடக்கும்போது ஊதி, ஏட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம். மறுநாளும் ஊதினார்.

சென்ற வாரம் ஒருநாள் போன் போகவில்லை. சுவிட்ச் ஆஃப். மறுபடி மறுபடி அடித்தேன். அவருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து போனேன். அப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட் திறந்துதான் இருந்தது. ஒரு அடி வெளியே வைக்கவில்லை. கம்பெனி ஷட்டில் பஸ் போய்விட்டது, நானும் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றேன். வெயில் ஏறிய பிறகு போன் வந்தது.

"தம்பி, மன்னிச்சிக்கோ. ராத்திரி கரண்ட் இல்ல. போன்ல சார்ஜ் பூட்சு."

பிறகு விசில். அப்பா உள்ளே போனார்.

மறுநாளே ஒரு பவர் பேங்க் வாங்கிக்கொண்டு, கொரியரை நம்பாமல், மழையில் செய்யூர் வரைக்கும் நானே போய் அவர் கையில் கொடுத்தேன். அதிலிருந்த நாலு பாயிண்டும் எரிகிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து தட்டித் தட்டிப் பார்த்தோம்.