யானைக்கு நான் பார்த்த வைத்தியம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு யானையின் தும்பிக்கையை ஒடித்தவன். (பதற வேண்டாம், செடி யானைதான். ஆனால் அதை வளர்த்தவருக்கு அது நிஜ யானை.)

அறுபதுகளின் நடுவில் சிதம்பரத்தில் தோட்டக்கலை படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒன்பது பேர். ஒருவனும் மண்வெட்டி பிடித்ததில்லை. பரீட்சைத் தாளில் மட்டும் தோப்பு தோப்பாக நடுவோம். இது எங்கள் ஆசிரியர் சபாபதி சாரை உறுத்தியது. மாணவர்களை இரண்டு மாதம் பூங்காக்களில் பயிற்சிக்கு விடவேண்டும் என்று ஊர் ஊராக அலைந்தார். எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு பூங்காவின் கமிட்டித் தலைவர் மட்டும், முதலில் ஒருவனை அனுப்புங்கள், ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்ற எட்டுப் பேரைப் பற்றிச் சொல்கிறேன் என்றாராம்.

வகுப்பில் முதல் மதிப்பெண் என்னுடையது. என்னை விட்டால் யார்?

“எட்டு பேரு பொழப்பு உன் கையில இருக்குடா” என்று ரயிலேற்றிவிட்டார் சார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பூங்கா மேஸ்திரி காதர் பாய். வாசலில் வேலிச் செடியை வெட்டி வெட்டியே ஆளுயர யானை ஒன்றை வளர்த்து வைத்திருந்தார். நீண்ட கிளை ஒன்றை மூங்கில் வளையத்தோடு கயிற்றால் கட்டி வளைத்தது தும்பிக்கை. சுண்ணாம்படித்த இரண்டு மூங்கில் துண்டுகள் தந்தம். யானையைப் பார்க்கவே குழந்தைகள் வருவார்கள்.

சனிக்கிழமை காலை தலைவரும் சாரும் என்னைப் பார்வையிட வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குக் கிளம்பும்போது, “தம்பி, தண்ணி ஊத்துங்க, போதும். யானைகிட்ட மட்டும் போவாதீங்க” என்றார்.

போனேன்.

கிளையில் கயிறு இறுகினால் பட்டை நெரிந்து கிளை பட்டுப்போகும், உடனே அறுத்துவிட வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். (பக்கம்கூட நினைவிருந்தது.) பாவம் பாய், படிக்காதவர் என்று இரக்கப்பட்டு ஒவ்வொரு கட்டாக அறுத்தேன். கடைசிக் கட்டு அறுந்ததும் தும்பிக்கை விருட்டென்று வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. பிடித்து இழுத்தேன். பாதியில் முறிந்து கையோடு வந்துவிட்டது. மிச்சமிருந்த மொட்டை மூக்குக்கு அவ்வளவு பெரிய காது பொருந்தவில்லை என்று காதையும் நறுக்கினேன். தன்னம்பிக்கை என்றால் அதுதான்.

திரும்பி வந்த பாய் முறிந்து கிடந்த தும்பிக்கையை எடுத்துப் பார்த்தார். பிறகு, “ஆறு வருசம் தம்பி” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக என் படிப்பை நினைத்து வெட்கப்பட்டேன்.

மறுநாள் தலைவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. எட்டுப் பேரின் கதி அவர் கண்முன்னே மூக்கறுந்து நின்றது.

“பாய், யானை எங்க?” என்றார் தலைவர்.

பாய் என்னை ஒரு முறை பார்த்தார். “வராகசாமிங்க. மாசி மகம் வருதில்ல? ஸ்ரீமுஷ்ணத்து சாமி கிள்ளை கடலுக்கு வர்றப்ப எங்காளுங்கதான முன்ன நின்னு வரவேற்கறாங்க. இங்கயும் இருக்கட்டுமேன்னு...”

மொட்டை மூக்கும் இரண்டு தந்தமும் தலைவருக்கு இப்போது பன்றி முகமாகத் தெரிந்தன; செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். “மூக்கு இன்னும் கொஞ்சம் நீளம் சார், கொறச்சிடலாம்” என்று ஆரம்பித்தேன். பாய் என் காலை மிதித்தார்.

“பத்து அவதாரத்துல ஒண்ணு ஆச்சு” என்றார் தலைவர் உருகிப்போய். “மிச்சம் ஒம்போது. அந்த எட்டு பேரையும் அனுப்புங்க. இந்தத் தம்பியோட சேத்து ஆளுக்கு ஒண்ணு.”

ரோஜா ஒட்டுக் கட்டக் கற்றுக்கொள்ளும் ஆசையில் வந்தவர்களுக்கு மீனும் ஆமையும் கிடைத்தன. என்னைத் திட்டிக்கொண்டே வெட்டினார்கள். ஆனால் கத்தரியை எப்படிப் பிடிப்பது, எப்போது பிடிக்காமல் இருப்பது என்பதைப் பாயிடம்தான் கற்றோம். அடுத்த வருஷம் சார் அலையவில்லை. பூங்காவிலிருந்தே ஆள் கேட்டு எழுதினார்கள்.

ஆமை, அந்த எட்டுப் பேரில் ஒருவனான வேணுவின் பங்கு. இரண்டு மாதம் மண்டியிட்டு ஆமை முதுகு வெட்டியவன். அவன் தங்கையைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். (எச்சரித்துப் பார்த்தானாம், அவள் கேட்கவில்லை.) அதனால் கதை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இன்றைக்கும் ஓடாத மின்விசிறியைச் சரிபார்க்க நான் ஸ்டூலில் ஏறினால் போதும், வேணுவின் பிள்ளைகள் கூடிவிடுவார்கள்.

“மாமா கை வச்சிட்டாரு. இனிமே அது வேற சாமி.”