அண்டாவும் அயனி அண்ணனும்

விளக்கம் சொல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும் என்றொரு மனித இனம் உண்டு. எங்கள் செஞ்சியில் அதன் தலைமகன் சுந்தரமூர்த்தி அண்ணன். டீக்கடையில் பால் ஏன் திரிந்தது, ராஜகிரி உச்சியில் மேகம் ஏன் உட்கார்ந்தது, சாவு ஊர்வலத்துப் பட்டாசு ஏன் பச்சையாக எரிந்தது, எல்லாவற்றுக்கும் கேட்காமலே காரணம் தருவார். கேட்டால்? ஐயோ, கேட்காதீர்கள்.

ஐப்பசியில் எங்கள் தெரு ரஞ்சிதத்தின் மகள் நிலாவுக்கு நிச்சயதார்த்தம். அவலூர்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். முந்தின இரவு மழையில் கிணறு செம்மண்ணாகக் கலங்கிவிட்டது. கேன் தண்ணீர் வண்டியும் வரவில்லை. "மொதல் சாப்பாட்டுலயே மானம் போயிடுமே" என்று அந்தத் தாய் முந்தானையால் வாய் பொத்தி விம்மினாள்.

படிகாரக் கட்டியோடு வந்தார் அண்ணன்.

"இன்னா தங்கச்சி, இதுக்குப் போயி டென்ஷனா? மண்ணுத் தூளு எல்லாமே நெகட்டிவ் சார்ஜ். ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கினே இருக்கும், அதான் அடியில தங்கல. படிகாரத்து பாசிட்டிவ் அயனி நடுவுல பூந்து அந்தச் சண்டைய அமுக்கிடும். அப்பறம் ஒண்ணா சேந்து உக்காந்துக்கும்."

கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய அண்டாவில் கட்டியைச் சுழற்றினார். சற்று நேரத்தில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. அங்கேயே அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போவாரா? பக்கத்து வீட்டு ஜெயசுதா தாமதமாக வந்து, "இன்னாண்ணா ஆச்சு?" என்று கேட்டுத் தொலைத்தாள். அவளுக்காக மறுபடி கலக்கி, மறுபடி படிகாரம். அடுத்து வந்தவருக்காக இன்னும் கொஞ்சம். இப்படியே கட்டி முழுவதும் கரைந்து, தண்ணீர் பழையபடி கலங்கியது.

"அண்ணா!" என்று அலறினாள் ரஞ்சிதம்.

அவர் முகத்திலோ பரவசம். "இதான் விசேஷம்! அயனி ஜாஸ்தியாயி மண்ணு மேல அப்பிக்கிச்சு. இப்ப எல்லாமே பாசிட்டிவ். மறுபடியும் தள்ளிக்குது பாரு!"

"யம்மா, அழுவாத" என்றாள் சமையலறை வாசலில் நிலா. பட்டுப் புடவையின் முந்தானை நனைந்திருந்தது. "மாமா ரெண்டாந்தடவ பேச ஆரம்பிச்சப்பவே நான் தெளிஞ்ச தண்ணிய மொண்டுட்டேன். சாம்பார் கொதிக்குது."

ரஞ்சிதம் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சம்பந்தி அண்டாவை எட்டிப் பார்த்தார். "படிகாரம் ஜாஸ்தியா? அது ஏன் கலங்குச்சுன்னா..." என்று தொடங்கினார். நிலா அப்போதுதான் மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்த்தாள், லேசான கவலையோடு.

வாசகரே, நீங்கள் சிரிப்பது கேட்கிறது. 'எல்லாத் தண்ணியும் அப்படித் திரும்பக் கலங்காது, புளிப்பு, உப்பைப் பொறுத்தது' என்று பக்கத்தில் இருப்பவரிடம் திருத்தம் சொல்ல வாய் திறந்துவிட்டீர்களோ? தயவுசெய்து அண்டாவிலிருந்து கையை எடுங்கள்.