இந்த முகத்துக்கு என்ன விலை?

முகத்தைப் பார்த்து விலை சொல்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கடைத்தெரு உள்ள ஊர்களிலெல்லாம் இவர்களைப் பார்க்கலாம். இவர்களுடைய கடையில் எந்தச் சாமானிலும் விலைச்சீட்டு இராது. கேட்டால், "சீட்டு எதுக்குங்க, நான்தான் இருக்கேன்ல?" என்பார்கள். நீங்கள் வாசற்படியில் கால் வைத்ததும் அவர்களுடைய பார்வை உங்கள் செருப்பில் தொடங்கி, கைப்பை, மணிக்கூடு, காதுத்தோடு என்று ஒவ்வொன்றாக ஏறி, முகத்துக்கு வந்து சேர்வதற்குள் விலை முடிவாகிவிடும். நீங்கள் இன்னும் சேலையையே பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஹட்டனில் புடவைக் கடை வைத்திருந்த ஜீவராஜ் இந்த இனத்தில் முதல் தரம். கொழும்பில் வேலை செய்து லீவுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு விலை, பள்ளிக்கூடத்து டீச்சருக்கு ஒரு விலை, சம்பள நாளில் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு விலை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால், சேலையை விரிக்கும் முன்பே ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிடுவார். ஆனால் வசனம் எல்லோருக்கும் ஒன்றுதான். குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் குனிந்து சொல்வார்: "உங்களுக்குங்கிறதால சொல்றேன். வெளிய யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

வாங்கியவர்களும் சொல்லமாட்டார்கள். ஊரில் தனக்கு மட்டும் கிடைத்த மரியாதையை யார்தான் வெளியே விடுவார்கள்?

அப்பேர்ப்பட்டவர் போன வருஷம் கடையை மூடிவிட்டு ஒன்லைனுக்குப் போனார். வாடகை ஏறியது ஒரு காரணம். அதைவிட, வந்த பெண்கள் சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே போனை எடுத்து அதே சேலையை வேறெங்கோ தேடியது அவருக்குப் பொறுக்கவில்லை. சேலைக் கட்டுகள் எல்லாம் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தன. மனைவி சுலக்ஷனாவுக்கு உட்கார இடமில்லை. அவள் சண்டை போடவில்லை.

"தீவாளிக்குள்ள இதெல்லாம் போயிறணும்" என்றாள். "போகலேன்னா டிக்கோயாவுல எங்க அண்ணன் கடைக்கு சேல மடிக்கப் போயிருங்க."

மச்சான் கடையில் சேலை மடிப்பதா? அதுவும் அந்த மச்சான் முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நல்லா மடிங்க மாப்பிள்ள" என்று சொல்லக் கேட்டுக்கொண்டா? அதை நினைத்தாலே ஜீவராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே முழுமூச்சாக இறங்கினார். அதே மச்சானிடம் ஒரு கோட்டு இரவல் வாங்கிப் போட்டு, கைகூப்பி நின்று படமெடுத்து, தன் பேஸ்புக் பக்கத்தின் உச்சியில் வைத்தார். அதற்குக் கீழே சேலைகளை வரிசையாகப் போட்டார். விலையைப் போட்டாரா? கடையிலேயே போடாதவர் இங்கேயா போடுவார்? ஒவ்வொரு சேலைக்கும் கீழே, "விலைக்கு வட்ஸ்அப்பில் வரவும்" என்று மட்டும் எழுதினார்.

வந்தார்கள். ஆனால் வந்தவர்களுக்குக் காலே இல்லை. செருப்பை எங்கே பார்ப்பது? வட்டத்துக்குள் ஒரு படம், அவ்வளவுதான். ஒருத்திக்கு ரோஜாப்பூ. ஒருத்திக்குக் கைக்குழந்தை. இன்னொருவருக்கு முருகன். முருகனுக்குக் கூட்டிச் சொல்வதா, குறைத்துச் சொல்வதா? இரண்டுமே பாவம். மற்றவர்களுடைய படத்தை விரலால் பெரிதாக்கி, பின்னால் நிற்பது காரா, தகரக் கூரையா, சோபாவா, பிளாஸ்டிக் கதிரையா என்று ஆராய்ந்து ஒரு கணக்குக்கு வருவார். பிறகு குரல் பதிவாக விலையை அனுப்புவார். எழுத்தில் அந்தக் குழைவு வராதே!

நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஆளுக்காள் தனித்தனியாக ஒரே குங்குமச் சிவப்புச் சேலைக்கு விலை கேட்டிருந்தார்கள். அதில் பூரணி கொழுந்து பறிக்கிறவள். ஆனால் படத்தில் அவள், யாருடைய கல்யாணத்துக்கோ போன இடத்தில் வெள்ளைக் காரொன்றில் சாய்ந்து நிற்கிறாள். பக்கத்து வீட்டுப் பிரியந்தி வங்கியில் வேலை பார்க்கிறாள். படத்தில் அவள், அம்மாவின் கொழுந்துக் கூடையை விளையாட்டாக மாட்டிக்கொண்டு சிரிக்கிறாள்.

பூரணிக்கு எட்டாயிரம். பிரியந்திக்கு ஐயாயிரம்.

அந்தத் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது கோயில் மேட்டில் மட்டும்தான் என்பது ஜீவராஜுக்குத் தெரியாது. பின்னேரமானால் போனும் கையுமாக எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். காற்றில் ஒன்றும் கேட்காது என்பதால், வருகிற பதிவை எல்லோரும் சத்தமாகத்தான் போடுவார்கள். அன்றைக்கு மேடு முழுக்க ஜீவராஜ் பேசினார். இந்தப் பக்கம், "தங்கச்சி, உங்களுக்குங்கிறதால சொல்றேன், எட்டாயிரம்." அந்தப் பக்கம், "தங்கச்சி, உங்களுக்குங்கிறதால சொல்றேன், அஞ்சாயிரம்." நடுவில் இன்னொரு போனில், "வெளிய யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

"ஏன்டி பிரியந்தி, பேங்குல இருக்குற ஒனக்கு அஞ்சு, கொழுந்துக் கூட தூக்குற எனக்கு எட்டா?" என்றாள் பூரணி.

பிரியந்தி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, வெல சேலைக்கு இல்ல. போட்டோவுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பூரணிக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்கென்று குறைத்துத்தான் சொல்கிறார் என்று நம்பி, அந்த எட்டாயிரத்தையும் கொடுக்க மனதைத் தேற்றிக்கொண்டிருந்தவள் அவள்.

மறுநாள் ஜீவராஜின் போன் ஓயாமல் முனகியது. ஆவலோடு எடுத்துப் பார்த்தார். வரிசையாக விசாரிப்புகள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் கோட்டுப் போட்டுக் கைகூப்பி நிற்பது ஜீவராஜேதான். எல்லோரும் அவருடைய படத்தையே எடுத்துத் தங்கள் படமாக மாட்டியிருந்தார்கள். கேள்வியும் ஒன்றே: "அண்ணே, இந்த மொகத்துக்கு என்ன வெல?"

பழக்கம் விடவில்லை. படத்தைப் பெரிதாக்கினார். கோட்டு யாருடையது என்று அவருக்குத் தெரியும். தோள் தொளதொளவென்று இறங்கியிருந்தது. படத்தில் விழாத காலில் ரப்பர் செருப்பு. கூட்டிச் சொன்னால் இந்த ஆள் எங்கே வாங்கப் போகிறான்? குறைத்துச் சொன்னால், அவனை அவ்வளவுக்குத்தான் மதித்தது என்று ஆகாதா? ஜீவராஜுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அது அவருக்குப் புதிது.

சுலக்ஷனா எட்டிப் பார்த்தாள். "என்னங்க முழிக்கிறீங்க? ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளுதானே, சொல்லுங்க."

"தம்பி, உங்களுக்குங்கிறதால..." என்று பதிவைத் தொடங்கினார். பாதியிலேயே அதை அழித்துவிட்டார்.

அன்று மாலை, ஒவ்வொரு சேலைக்கும் கீழே விலை ஏறியது. குங்குமச் சிவப்புக்கு ஐயாயிரம். எல்லோருக்கும் ஐயாயிரம். தீபாவளிக்குள் முன்னறை காலியானது. சுலக்ஷனா கதிரையில் கால்நீட்டி உட்கார்ந்தாள். மச்சானின் கோட்டும் டிக்கோயாவுக்குத் திரும்பிப் போனது.

ஆள் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? பார்சலை அனுப்பினால் நனைந்துவிடும் என்று சாக்குச் சொல்லி, சேலைகளைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். நிஜக் காரணம், வாசலில் கழற்றிக் கிடக்கும் செருப்புகளைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மழையில் வழுக்கி, சேறும் அட்டைக்கடியுமாக லயத்து வாசலில் போய் நின்றார். பூரணி கதவைத் திறந்தாள். அவளுடைய பார்வை அவர் செருப்பில் தொடங்கி, ஒவ்வொன்றாக ஏறி, நிதானமாக முகத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு உள்ளே திரும்பிச் சொன்னாள்: "பிளேன்டீ போதும்."

ஜீவராஜ் பாலில்லாத அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு வந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டு வாசலில் யாராவது வந்து நின்றால், பால் டீயா பிளேன்டீயா என்று அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டுகிறீர்களே, அதை எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? உங்களிடம் என்பதால்தான் கேட்கிறேன். வெளியே யாரிடமும் சொல்லமாட்டேன்.