சாக்குக்கட்டிக் கோட்டுக்குள் மேசை

மேசை மறுபடியும் கோட்டைத் தாண்டி நின்றது.

தையல்காரர் குனிந்து பார்த்தார். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் அந்தப் பிளாஸ்டிக் மேசையின் நாலு காலையும் சுற்றி நேற்றுதான் தரையில் வரைந்திருந்தார். இப்போது இன்ச் டேப் வைத்துப் பார்த்தால் முக்கால் அடி வித்தியாசம். பார்வையில்லாத பிள்ளை இருக்கும் வீட்டில் எந்தச் சாமானும் இம்மியும் நகரக் கூடாது என்பது அவர் தாமாகவே போட்டுக்கொண்ட சட்டம்.

பத்து மணிக்கு, பிள்ளைக்குத் தனியாக நடமாடச் சொல்லித்தரும் டீச்சர் வருகிறார். மகள் துணையில்லாமல் சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் தூரத்து விடுதிப் பள்ளிதான். பத்து வயசுப் பெண்ணை அங்கே அனுப்பிவிட்டு இந்த வீட்டில் யாருக்குச் சோறு இறங்கும்?

"மேசையை நீ தொட்டியா?" என்று மனைவியிடம் சீறினார்.

"ஆமா, எனக்கு வேற வேலையே இல்ல பாருங்க!"

ஓசைப்படாமல் தூக்கிக் கோட்டுக்குள் வைத்தார். அடுத்த நிமிஷம் அறையிலிருந்து வந்த மகள், நேரே போய் அதில் இடித்துக்கொண்டாள்.

"அம்மா! அப்பா, இது எப்படி இங்க வந்துச்சு?"

"எப்பவும் இருக்கிற இடத்துலதான் இருக்கு, தங்கம்."

சொல்லிவிட்டாரே தவிர, இருந்த இடமே பிள்ளைக்கு மறந்துபோச்சே என்ற கவலை வந்துவிட்டது. வீட்டு முன்புறத் தையல் கடையிலிருந்து நாடாவை எடுத்துவந்து, மேசைக் காலை ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினார். மகள் திரும்பி வரும்போது அந்த நாடா தடுக்கிக் குப்புற விழப் போனாள்.

"டீச்சர் வர்றதுக்குள்ள பிள்ளையோட காலை உடைச்சிடுவீங்க போல!" என்று மனைவி கத்தரியோடு வந்து நாடாவை வெட்டி எறிந்தாள்.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினால், மேசை முக்கால் அடி தள்ளி நிற்கிறது. போச்சுடா! டீச்சர் செருப்பைக் கழற்றக் குனிந்த நேரம் பார்த்து, முழங்காலால் ஒரே தள்ளாகக் கோட்டுக்குள் தள்ளினார்.

"தண்ணி கொண்டு வாம்மா" என்றார் டீச்சர், உட்கார்ந்தபடியே.

சமையலறைக்குள் இருந்த மகள் டம்ளரோடு வேகமாக வந்தாள். மேசையில் மோதினாள். தண்ணீர் அத்தனையும் டீச்சரின் படிவத்தில்.

"தப்பு என்னோடது, டீச்சர்." தையல்காரர் படிவத்தைத் துண்டால் ஒற்றினார். "நான்தான் அவளைப் பதற வச்சிட்டேன். விடுதிக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க. அவ இல்லாம எங்களால இருக்க முடியாது."

டீச்சர் கையமர்த்தினார். மகள் மேசை விளிம்பைத் தடவினாள், மூலையைக் கண்டுபிடித்தாள், சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டாவது டம்ளர் ஒரு சொட்டுச் சிந்தாமல் டீச்சர் கைக்கு வந்து சேர்ந்தது.

டீச்சர் அந்த ஈரப் படிவத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

தையல்காரரால் நம்ப முடியவில்லை. "இடிச்சிட்டாளே, டீச்சர்?"

மகள் முந்திக்கொண்டாள். "என்னைத் திட்டாதீங்க, டீச்சர். நீங்க சொன்ன வீட்டுப்பாடத்தை நான் தினமும் செய்றேன், மேசைய இடம் மாத்தி மாத்தி வச்சுத்தான் நடந்து பழகுறேன். இந்த வீட்ல யாரோ வந்து அதைப் பழைய இடத்துக்கே தள்ளி வச்சிடறாங்க!"