சொந்த நாற்காலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்

கடலூர் மாவட்டத்தில் எந்த அலுவலகமும் சேர் மாமாவை நிற்க வைத்ததில்லை. அதற்குக் காரணம் செல்வாக்கு அல்ல. எங்கே போனாலும் அவர் சொந்தமாக ஒரு நாற்காலி கொண்டுபோவார்.

முதுநகரில் அவருக்கு வாடகைச் சாமான் கடை. பந்தல், பாத்திரம், சீரியல் விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். அசல் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அதை நான் பார்த்ததில்லை. நான் தென்காசியிலிருந்து நிருபர் வேலைக்கு வந்து, அவர் கடைக்கு எதிர் மாடியில் குடியேறியிருந்தேன். ஒருநாள் கேஸ் இணைப்பு கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியபோது கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

"என்னா தம்பி, மொகம் இப்படிக் கெடக்குது?"

"கேஸ் கனெக்‌ஷன் கேட்டேன். நாளைக்கு வாங்கன்னுட்டாங்க."

"நின்னுகினு கேட்டியா, உக்காந்து கேட்டியா?"

"நின்னுதான்."

"அதான பார்த்தேன். நின்னுகினு கேட்டா கெஞ்சறதுனு அர்த்தம். உக்காந்து கேட்டா விசாரிக்கறதுனு அர்த்தம். கெஞ்சறவனத்தான் நாளைக்கு வாம்பாங்க."

மறுநாள் அவரே வந்தார். கவுன்டருக்கு எதிரே சிவப்பு நாற்காலியைப் போட்டு, என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். வரிசையில் நின்றவர்கள் என்னைக் கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி என்று நினைத்து, சிலிண்டர் தாமதமாக வருவதாகப் புகார் சொல்லத் தொடங்கினார்கள். இணைப்பு கிடைத்தது. வாடகை ஒப்பந்தத்தின் நகலை அன்று நான் மறக்காமல் கொண்டுபோயிருந்ததுதான் காரணம். இதை மாமாவிடம் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

முதுநகர் ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விழிக்கிற எவரும் மாமாவின் கடையைத் தாண்டித்தான் ஊருக்குள் வர வேண்டும். கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் வடக்கிலிருந்து வருகிறவர்கள் அப்படித்தான் அவரிடம் மாட்டினார்கள். தங்க இடம், வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பல்வலிக்கு டாக்டர், எது வேண்டுமானாலும் மாமா கிளம்பிவிடுவார், நாற்காலியோடு. மொழி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தமிழை மெதுவாகவும் சத்தமாகவும் பேசினால் இந்தியாவில் எவனுக்கும் புரியும் என்பது அவர் கொள்கை.

பிழைகளும் நேர்ந்தன. ஊருக்குத் திரும்ப ரயில் ஏற வந்த ஒருவரை, புதிதாக வந்து இறங்கியவர் என்று நினைத்து வங்கிக்கு அழைத்துப்போய்க் கணக்குத் தொடங்க வைத்துவிட்டார். அந்த மனிதர் ரயிலைத் தவறவிட்டு, கடலூரில் ஒரு சேமிப்புக் கணக்கோடு மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்தார்.

சஞ்சயும் மினதியும் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். சஞ்சய்க்குக் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை. மாமாவின் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். வடக்கிலிருந்து வந்த எல்லாரும் மாமாவுக்குப் பீகார்தான்.

"ஒடிசா மாமா, ஒடிசா" என்று சஞ்சய் எத்தனையோ முறை திருத்தினான்.

"அதாம்பா. பீகாரு ஒடிசா" என்பார் மாமா.

மினதிக்கு அப்போது ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை அவர்கள் ஊரில் வீட்டிலேயே பிறந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன் இறந்துவிட்டது. இந்தப் பிள்ளையாவது ஆஸ்பத்திரியில் பிறக்க வேண்டும் என்றுதான் மினதி புருஷனோடு இவ்வளவு தூரம் வந்திருந்தாள். இதைச் சஞ்சய் தனக்குத் தெரிந்த தமிழிலும் மீதியைக் கையாலும் சொன்னபோது, மாமா வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போடாமல் கேட்டார்.

பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு அவர்கள் முதல் தடவை தனியாகத்தான் போனார்கள். பதிவு ஆகாமல் திரும்பினார்கள்.

"நர்சம்மா என்னா சொன்னாங்க மாப்ள?"

சஞ்சய் யோசித்து, காதில் விழுந்ததை ஒப்பித்தான். "கூட ஆள் கூட்டிட்டு வா."

"ஆளா? எத்தினி பேரு?"

"தெரியாது மாமா."

மாமாவின் முகம் சிவந்தது. நர்ஸ் என்ன கேட்டிருப்பார் என்பது எனக்குப் புரிந்தது. மாமாவுக்கு வேறு விதமாகப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் புள்ளத்தாச்சிப் பெண்ணுக்கு எல்லாம் தாய்வீட்டார்தான் செய்ய வேண்டும். தட்டு வரிசையோடு நாலு பேர் வந்து நின்றால்தான் அந்தப் பெண்ணுக்கு மரியாதை.

"பொண்ணு வூட்டுல யாரும் இல்லன்னு எளக்காரமா கேட்டுருக்காங்க தம்பி. இந்தப் பொண்ணுக்கு நாம இருக்கோம்னு காட்டிடணும்."

"மாமா, தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் போதும். நான் வேணும்னா போயிட்டு வரேன்."

"நீ வாயத் தொறந்தா தென்காசின்னு தெரிஞ்சிடும். பொண்ணு வூடு உள்ளூரா இருக்கணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடக்கும் நாளில், மாமாவின் குட்டியானை வண்டி சுகாதார நிலைய வாசலில் நின்றது. அதிலிருந்து முதலில் நாற்காலிகள் இறங்கின. பிறகு மாமாவின் மனைவி, கடை வேலையாட்களின் மனைவிமார், அவர்களுடைய தங்கைமார். ஒவ்வொருவர் கையிலும் தட்டு: பூ, பழம், வளையல், புளிச்சோறு. வெயிலாக இருக்கிறதே என்று மாமா ஒரு சின்னப் பந்தலும் போட்டார். கூட்டத்தின் நடுவில் மினதி, ஒரு சிவப்பு நாற்காலியில், தலையிலிருந்து முந்தானையை எடுக்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

கடலூரில் ஒரு அலுவலகத்தின் முன் பந்தலும் நாற்காலியும் தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ரோந்து வந்த போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார்.

"எந்தக் கட்சி? பர்மிஷன் இருக்குதா?"

"பொண்ணு வூடு சார்" என்றார் மாமா.

போலீஸ்காரர் தட்டுகளைப் பார்த்தார். ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் தெருவில் வேறு செய்தி பரவிவிட்டது. அங்கன்வாடி மூலம் அரசாங்கம் நடத்தும் சமுதாய வளைகாப்பு இங்கேதான் என்று நினைத்து, அக்கம்பக்கத்துக் கர்ப்பிணிகள் வந்து காலி நாற்காலிகளில் உட்காரத் தொடங்கினார்கள். வெள்ளை வேட்டியில் ஒரு வார்டு பிரமுகர் வந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, "மைக் எங்க?" என்று கேட்டார்.

"மைக் செட்டு நம்மகிட்ட இல்லிங்க. சேர் வேணும்னா எடுத்துக்கங்க" என்றார் மாமா.

சத்தம் கேட்டு நர்ஸ் வெளியே வந்தார்.

"யாருங்க இவுங்கல்லாம்?"

"நீங்கதான ஆளு கேட்டீங்க?"

"ஒரே ஒரு ஆளுங்க! நான் சொல்றத அந்தப் பொண்ணுக்குப் புரிய வைக்க ஒரு ஆளு!"

மாமா ஒரு கணம் யோசித்தார். "சரி, ஒருத்தர எடுத்துக்கங்க. மீதி இருக்கட்டும். எதுக்காவது ஆவும்."

நர்ஸ் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். அந்த அம்மாள் காரியக்காரி. திட்டுவதில் நேரத்தைக் கடத்தாமல் உள்ளே போய், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு திரும்பி வந்து, நாற்காலி வரிசையின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார். வளைகாப்பு என்று வந்து உட்கார்ந்தவர்களில் இதே மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண், எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் அதுவரை பதிவே செய்யாமல் இருந்திருக்கிறாள். ஒடிசாவிலிருந்து வந்தால்தான் வழி தெரியாது என்று இல்லை.

மினதிக்கு ரத்தம் குறைவு என்று தெரிந்தது. பதிவு ஆனது. மாத்திரை கிடைத்தது. நர்ஸ் மாமாவிடம் கறாராகச் சொன்னார்.

"மாசா மாசம் வரணும். பாதியில காணாமப் போவக் கூடாது. பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியிலதான். அடுத்த தடவ இந்தப் பந்தலெல்லாம் வேணாம்."

"சேரு?"

நர்ஸ் தயங்கினார். உள்ளே ஒரு பெஞ்சுதான் இருந்தது. "சேரு ரெண்டு இருக்கட்டும்."

அதன் பிறகு மாதாமாதம் அந்த ஊர்வலம் எங்கள் தெருவில் போனது. முன்னால் மாமா, நடுவில் மினதி, பின்னால் தலையில் இரண்டு நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டு சஞ்சய். மினதி தமிழ் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவர் மாமா என்பதால், தமிழ் என்றாலே மெதுவாகவும் சத்தமாகவும் பேச வேண்டிய மொழி என்று அந்தப் பெண் நம்பிவிட்டாள். "சிஸ்டர்! ரத்தம்! ஏறிடுச்சா!" என்று அவள் கேட்டது ஒருநாள் ரோடு வரைக்கும் கேட்டது.

"ஏறிடுச்சும்மா, ஏறிடுச்சு. காது போவுது" என்றார் நர்ஸ்.

வலி வந்தது ஒரு முகூர்த்த நாள் காலையில். குட்டியானையில் ஒரு கல்யாண வீட்டுக்கான நாற்காலிகளை ஏற்றியாகியிருந்தது. மாமா அந்த வண்டியை அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லி, முன்சீட்டில் மினதியை ஏற்றிவிட்டார். செய்தி கேட்டு நான் போனபோது, கல்யாண வீட்டிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது.

"தாலி கட்டறப்ப எல்லாரும் எழுந்துதான நிப்பாங்க? கொஞ்சம் முன்னாடியே நிக்கட்டும்" என்று சொல்லி மாமா போனை அணைத்தார்.

பிரசவ வார்டுக்கு வெளியே சுவரோரமாக அவர் நின்றிருந்தார். பக்கத்தில் சஞ்சய். உள்ளே போன நர்ஸ்கள் வெளியே வந்தார்கள், வேறு எதற்கோ ஓடினார்கள். மதியம் ஆனது. வாசலில் வண்டி நிறைய நாற்காலிகள் இருக்க, அவர் நிற்பதைப் பார்க்க எனக்கு விநோதமாக இருந்தது. நானே போய் ஒன்றைத் தூக்கி வந்து அவர் பின்னால் போட்டேன்.

"உக்காருங்க மாமா."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாம் தம்பி. இன்னிக்கு விசாரிக்க வரல."

நானும் உட்காரவில்லை. மூன்று பேரும் நின்றோம். நாற்காலி காலியாகக் கிடந்தது.

கதவு திறந்தது. பெண் குழந்தை, தாயும் நலம் என்று நர்ஸ் சொன்னதும் சஞ்சய் முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு அழுதான். மாமா மெல்லப் பின்னால் கையால் தடவிப் பார்த்து, நாற்காலி இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, உட்கார்ந்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார். காலை நீட்டிக்கொண்டார்.

"எடை எவ்ளோ? பால் குடிக்குதா? ஃபேன் ஓடுதா உள்ள?" என்று விசாரணையை ஆரம்பித்தார்.

இப்போது நான் சிதம்பரத்துக்கு வந்துவிட்டேன். முதுநகர் செய்திகள் போனில்தான். வடக்கிலிருந்து புதிதாக வரும் பெண்களைச் சுகாதார நிலையத்துக்கு மினதியே அழைத்துப்போகிறாளாம். இடுப்பில் மாமா பேத்தி என்று சொல்லும் குழந்தை, கையில் ஒரே ஒரு நாற்காலி. "ஒத்த சேர எடுத்துகினு போறா தம்பி, நம்ம கடை மானமே போவுது" என்று மாமா வருத்தப்பட்டார். குரலில் வருத்தம் ஜாஸ்தி இல்லை.

நான் வீடு மாறியபோது என் சாமான்களின் உச்சியில், முதுகில் கடைப் பெயர் எழுதிய ஒரு சிவப்பு நாற்காலியைக் கட்டி அனுப்பினார். "புது ஊரு, தேவப்படும்" என்றார். அதை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால், நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், வரும்போது பேத்தியையும் கூட்டி வாருங்கள் என்று சொல்வதற்காகவே வைத்திருக்கிறேன்.