மாமாவுக்காக ஒரு தொட்டி

நுரை கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு டெய்லரக்கா ஃபோனில் சொன்னபோது, அவள் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் யார் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையோ குப்பியில் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன நுரைக்கா?”

“எனக்கென்ன தெரியும்? உங்க மாமா அந்தப் பெரிய தொட்டிக்குள்ள ஹோஸைப் போட்டுட்டு நின்னாரு. அப்புறம் நுரை வந்துச்சு. இப்ப அவரைக் காணோம்.”

“காணோமா?”

“பதறாதே. நுரைக்குள்ளதான் நிக்கறாரு. தொப்பி மட்டும் தெரியுது.”

குப்பியைக் கீழே வைத்தாள். மேலதிகாரியிடம் போய் அரை நாள் லீவு கேட்டாள். அவர் காரணம் கேட்டார். “நுரை சார்,” என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

தொட்டி முந்தின நாள்தான் வந்திருந்தது. தொழிற்சாலைகளுக்குத் திரவங்கள் ஏற்றிப்போகும் ஆயிரம் லிட்டர் தொட்டி. வெள்ளைப் பிளாஸ்டிக், சுற்றிலும் இரும்புக் கூண்டு, அடியில் ஒரு வால்வு. “பழச்சாறு வந்த தொட்டிம்மா, நாக்கால நக்கலாம்,” என்று பழைய சாமான் கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். அதில் வந்தது ஷாம்பு. மாமனார் அலச அலச நுரை வந்தது. நுரை வர வர அவர் இன்னும் அலசினார். அவள் ஓடி வந்து வால்வைத் திறந்துவிட்டாள். அதுவரை மேலே மட்டும் வழிந்துகொண்டிருந்த நுரை, கீழேயும் வழிய ஆரம்பித்தது.

டெய்லரக்கா கூடை நிறையத் திரைச்சீலைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். “வீணாத்தானே போகுது,” என்றாள்.

மறுநாள் காலை கூரியர்காரர் கேட்டுக்குள் ஒரு காலை வைத்தார். இன்னொரு காலை வைக்காமலே வாசற்படிக்கு வந்து சேர்ந்தார்.

இத்தனைக்கும் இது அவள் ஆசைப்பட்டுச் செய்த காரியமில்லை. நாளெல்லாம் தண்ணீரைக் குலுக்கி, தண்ணீரை வடிகட்டி, தண்ணீரின் நிறத்தை முறைத்துப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் குழாயைத் திறப்பதே அலுப்பு. எல்லாம் மாமனாருக்காக.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு, அவர் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார், படுத்தவர் படுத்தவர்தான். கூப்பிட்டால் வந்து சாப்பிடுவார். கூப்பிடாவிட்டால் பசிக்கவில்லை என்று அர்த்தம். தெரு முனை டாக்டரிடம் அழைத்துப் போனாள். 

“மாத்திரை எழுதற அளவுக்கு ஒண்ணுமில்லம்மா,” என்றார் டாக்டர். “அவரை நம்பி ஏதாவது ஒரு உயிர் வீட்ல இருக்கணும். இல்லேன்னா இப்படியே சுவரோட சுவரா ஆயிடுவாரு.”

நாய் என்றால் அவருக்குப் பயம். பூனை என்றால் தும்மல். அவள் கணவன் கப்பலில் இன்ஜினியர். நடுக்கடலிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். அதில் ஒரு வெள்ளைக்காரர் இதே போன்ற தொட்டியைக் குறுக்கே அறுத்தார். கீழ்ப்பாதியில் மீன். மேல்பாதியைக் கவிழ்த்து, ஜல்லி நிரப்பி, அதில் கீரை. மீனின் கழிவுத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். கீரை அதைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கி இறக்கிவிடும். கடைசியில் அந்த மனிதர் ஒரு கையில் மீனும் ஒரு கையில் கீரையுமாகச் சிரித்தார்.

“மாமா, நாமளும் இதைச் செஞ்சு பாக்கலாமா?” என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

மாமனார் எழுந்து உட்கார்ந்தார். “செய்யலாம்மா,” என்றார்.

அந்த வீட்டில் அவரும் அவளும் ஒருவருக்கொருவர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் அவள் காபியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். “நல்லாருக்கும்மா,” என்று குடித்து முடித்துவிட்டு, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தவர் அவர். அவர் வாங்கித் தந்த ஊதா நிறச் சேலையை அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு வருடமாகக் கட்டுகிறாள்.

ஆகவே தொட்டி வந்தது. நுரை அடங்கியது. மாமனார் கட்டிங் மெஷினை எடுத்துக் கூண்டை அறுத்தார், பிளாஸ்டிக்கை அறுத்தார், குழாய்களை ஒட்டினார். வாழ்நாளெல்லாம் மனிதர்களை ஏற்றி இறக்கியவர், இப்போது தண்ணீரை ஏற்றி இறக்க ஆயத்தமானார். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்துவிடுகிறார் என்பதைக் கவனித்தபோது, ஜல்லி மூட்டை தூக்கிய இடுப்பு வலி அவளுக்குக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

அடுத்து சத்தம் வந்தது.

மேல்தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மொத்தமும் ஒரே இழுப்பில் கீழே இறங்க வேண்டும். அதற்கென்று ஒரு குழாய் அமைப்பு. அது ‘குடக்... குடக்...’ என்று தொண்டையைச் செருமிவிட்டு, யாரோ கழிவறையில் தண்ணீர் இழுத்துவிட்ட மாதிரி முடியும். பிறகு மறுபடி நிறையும். மறுபடி இழுக்கும்.

டெய்லரக்கா மதில் மேல் தலையை நீட்டினாள். “வீட்ல யாருக்கும்மா வயிறு சரியில்ல? நானும் காலையிலேர்ந்து கேட்டுட்டே இருக்கேன். பாவம், உக்கார நேரமில்லாம ஓடறீங்க.”

“அது தொட்டிக்கா.”

“எல்லா வீட்லயும் தொட்டிலதான் இழுத்து விடுவாங்க. ஒரு தடவை டாக்டரைப் பாத்துடுங்க.”

அவள் பழைய போர்வையை எடுத்துக் குழாயைச் சுற்றிக் கட்டினாள். சத்தம் குறையவில்லை, குரல் உடைந்த பையனைப் போலக் கனத்துவிட்டது.

“வேணும்னா மோட்டாரை நிறுத்திடலாம்மா,” என்றார் மாமனார். அவர் ஜன்னலுக்கு நேர் கீழேதான் தொட்டி.

“ஐயோ, வேணாம் மாமா. எனக்கு அந்தச் சத்தம் பழகிடுச்சு.”

அவர் ஜல்லியைக் கையால் சமப்படுத்தினார். “எனக்கும்தான்மா,” என்றார்.

மீனை உடனே விடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். மீன் போடும் கழிவில் அம்மோனியா இருக்கும். அதைக் கீரைக்கு உரமாக மாற்றும் நுண்ணுயிர்கள் ஜல்லியில் குடியேற வாரக்கணக்காகும். பொறுத்திருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மீன்பண்ணை வண்டி வந்து நின்றது. கணவன் கப்பலிலிருந்தே ஆர்டர் செய்திருந்தான்.

“சர்ப்ரைஸ்!” என்றான் ஃபோனில்.

“இப்ப விட்டா செத்துடும்ங்க.”

“சரியா கேக்கல. சிக்னல் இல்ல. அப்பா எழுந்து நடமாடறாருல்ல? அது போதும். இதைக் கைவிட்டுடாதே, என்ன?”

அவள் விஷயத்துக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு சிக்னல் போய்விடும்.

மீன்பண்ணைக்காரர் ஒரு வாளி ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, “கவலைப்படாதீங்கம்மா, இதெல்லாம் சாக்கடையிலகூட சந்தோஷமா இருக்கும்,” என்றார்.

அவள் கவலைப்பட்டாள். லேபிலிருந்து மீந்துபோன மருந்துத் துளிகளைக் கொண்டுவந்து தினமும் தண்ணீரைச் சோதித்தாள். மஞ்சளாக இருக்க வேண்டியது, அம்மோனியா ஏறி, பச்சையாக மாறியது. வேலைக்குப் போவதற்கு முன் பாதித் தண்ணீரை இறைத்து, புதுத் தண்ணீர் ஊற்றினாள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தது. அது நுண்ணுயிர்களைக் கொன்றது. பச்சை இன்னும் கடும் பச்சையானது. ஆகவே தண்ணீரை முந்தின நாளே பிடித்து வைத்து குளோரினைப் போக்க டிரம்கள் வாங்கினாள். டிரம்கள் குளியலறையில்தான் நின்றன. குளிக்க வேண்டுமானால் ஒரு டிரம்மைக் கட்டிக்கொண்டு நின்று குளிக்க வேண்டும்.

லேபில் நின்றபடியே தூங்கினாள். “வீட்ல கைக்குழந்தையா?” என்று புதிதாக வந்தவள் ஒருத்தி கேட்டாள்.

மீன்கள் பிழைத்தன. கீரையும் துளிர்த்தது. இனி மூச்சு விடலாம் என்று அவள் நினைத்த வாரத்தில்தான் மாமனாருக்கு மறதி தொடங்கியது.

முதலில் மோட்டார். ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது ‘குடக்’ கேட்கவில்லை. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சுவிட்ச் அணைந்திருந்தது.

“ஃபேன் சுவிட்சுன்னு நெனச்சு அமுக்கிட்டேன் போலிருக்கும்மா,” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

“பரவால்ல மாமா. யாருக்கும் வர்றதுதான்.” கைப்பையைக்கூடக் கழற்றாமல் ஒரு சொம்பை எடுத்து, தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். காற்று கலக்க வேண்டும். தோள் விட்டுப்போகும்வரை ஊற்றினாள். ஒரு மீன்கூடச் சாகவில்லை.

“எல்லாம் தப்பிச்சிடுச்சு மாமா!”

“அப்படியாம்மா,” என்றார் அவர். “எல்லாமேவா?”

அடுத்தது தீனி. பாக்கெட் முழுவதும் தொட்டிக்குள் கவிழ்ந்து கிடந்தது. “கை தவறிடுச்சும்மா.” அவள் டீ வடிகட்டியால் ஒவ்வொரு துணுக்காக அள்ளினாள், அந்த வடிகட்டியில் பிறகு டீ போட மனம் வரவில்லை. அவருக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிடக் கூடாதே என்று, அள்ளும்போது சிரித்துக்கொண்டே அள்ளினாள். அவரும் சிரித்தார். இருவருக்கும் அது கஷ்டமாக இருந்தது.

அடுத்தது வால்வு. ஞாயிற்றுக்கிழமை அவள் கண் விழித்தபோது முற்றமெல்லாம் ஈரம். தொட்டியின் அடியில் ஒரு சாண் தண்ணீர். அதில் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துள்ளிக்கொண்டிருந்தன. எதில் விடுவது? டிரம்மில் இருந்தது முந்தின இரவுதான் பிடித்த, குளோரின் இன்னும் போகாத தண்ணீர். கையில் கிடைத்தது வாஷிங் மெஷின். மூடியைத் திறந்து, சமையலறையில் வடிகட்டி வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றி, மீன்களை அள்ளி உள்ளே விட்டாள்.

தொட்டியை நிரப்பிக்கொண்டே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மாமனார் வாஷிங் மெஷின் முன்னால் நின்றிருந்தார். மூடி மூடியிருந்தது. ஆட்காட்டி விரல் பொத்தானுக்கு ஒரு நூலளவு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

“மாமா!”

அவர் விரலை மடக்கினார். “துணி இருக்குன்னு...” என்றார்.

அவள் குளியலறைக்குள் போய், டிரம்மைக் கட்டிக்கொண்டு அழுதாள். எந்தப் பொத்தானை அமுக்கினால் எது நகரும் என்பதை வைத்தே ஒரு ஆயுளை ஓட்டியவர். எந்தக் கட்டடத்திலும் ஒருவரைக்கூட நடுவில் நிறுத்தியதில்லை என்று மாமியார் பெருமையாகச் சொல்வாள். அவருக்கா இது?

அன்று கணவனுக்கு சிக்னல் நன்றாகக் கிடைத்தது. எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, “பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது,” என்றான். “மொதல்ல சுவிட்ச மறந்தாரு. கடைசில என்னைப் பாத்து, தம்பி நீ யாரு வீட்டுப் பையன்னு கேட்டாரு.”

திங்கட்கிழமை மறுபடி லீவு கேட்டாள். “நுரையா?” என்றார் மேலதிகாரி. “இல்ல சார், மறதி,” என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

“ஒரு செக்கப்தான் மாமா. சும்மா.”

“போலாம்மா,” என்றார் மாமனார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர். வழியில் அவர் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தாள். மனிதர் மெலிந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். தன் முகத்திலும் அதே மாதிரி இருக்கிறது என்பதை எதிர்க்கடைக் கண்ணாடி காட்டியது.

டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு கழித்தால் எவ்வளவு என்றெல்லாம் கேட்பார்கள் என்று எங்கோ படித்திருந்தாள். அவர் திணறக் கூடாதே என்று, வெளியே உட்கார்ந்தபடி அவளே நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டிருந்தாள். நடுவில் எங்கேயோ கணக்குத் தவறியது.

இவர் என்னை யாரென்று கேட்கும் நாள் வந்தால், மருமகள் என்று சொன்னால் போதுமா, விளக்க வேண்டியிருக்குமா?

கதவு திறந்தது. மாமனார் அவள் முகத்தைப் பார்க்காமல் நேரே வாசலுக்குப் போய், செருப்பைத் தேடினார். இடம் வலம் மாறாமல் சரியாகப் போட்டுக்கொண்டார். அதைக் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை. டாக்டர் கை காட்டினார், உள்ளே போனாள்.

“ரொம்ப முத்திடுச்சா டாக்டர்? மறைக்காம சொல்லுங்க.”

“உக்காருங்கம்மா. அந்தத் தொட்டி, நீங்க ரொம்ப ஆசைப்பட்டு ஆரம்பிச்சதாமே?”

“நானா?” குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. “நீங்கதானே டாக்டர், ஏதாவது உயிர்னு... அவருக்காகத்தான் எல்லாம். எனக்குத் தண்ணியைப் பாத்தாலே...”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். சிரிப்பை அடக்குகிறாரா, தும்மலை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

“மறதியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மோட்டார், தீனி, வால்வு, வாஷிங் மெஷின்னு ஒண்ணு விடாம வரிசையாச் சொன்னாரு. ‘என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிப் பாத்துட்டேன், மருமக மனசு நோகாம அந்த மீனுங்களைச் சாகடிக்க வேற ஏதாவது வழி இருக்கா டாக்டர்’னு கேக்கறாரு.”