படுவான்கரையில் ஒரு நீச்சல் உடை

சொந்த ஊரைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே அதிக காலம் இருந்திருக்க மாட்டார்கள். இருந்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கும், பேச நேரம் இருக்காது. நான் மட்டக்களப்பில் பிறந்து, பேச்சு வருவதற்கு முன்பே சென்னைக்குத் தூக்கி வரப்பட்டவன். ஆகவே யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் மட்டக்களப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். கல்யாணமான புதிதில் இந்தப் பேச்சுக்கு என் மாமனார் வீட்டில் நல்ல மரியாதை இருந்தது. ஆதாரம் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு அதுவரை கிடைக்கவில்லை.

வாய்ப்பு கப்பலில் வந்தது. சென்னையிலிருந்து புறப்பட்டு, திருகோணமலையில் ஒரு பகல் நின்று, திரும்பி வரும் உல்லாசக் கப்பல். நான், என் மனைவி வித்யா, மாமனார், மாமியார் என்று நால்வர். இந்தப் பயணமே மாமியாருக்காகத்தான். மெரினாவுக்கு நடந்து போகிற தூரத்தில் வளர்ந்தவர் அவர். ஆனால் அறுபது வயது தாண்டியும் கணுக்காலுக்கு மேல் கடல்நீர் பட்டதில்லை. அலை என்றால் அவ்வளவு பயம். அலையே இல்லாத கடல் எங்கள் ஊரில் இருக்கிறது, இடுப்பளவு தண்ணீரில் சப்பணம் போட்டு உட்காரலாம் என்று நான்தான் அளந்துவிட்டிருந்தேன். (பாசிக்குடா அப்படித்தான். நான் சொன்னதில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.)

கப்பலில் ஏறிய அன்று வித்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ரகு, அம்மா ஸ்விம்மிங் டிரெஸ் வாங்கியிருக்காங்க. அப்பாவுக்கே தெரியாது. சொதப்பிடாத."

கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் நீல உடை, மேலே மஞ்சள் பூக்கள். தி. நகரில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியிருக்கிறார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு மனுஷி என் வார்த்தையை நம்பி நீச்சல் உடை வாங்குவது அதுவே முதல் தடவை.

கப்பலில் கரைச் சுற்றுலாக்களுக்கென்று ஒரு வண்ண அட்டை கொடுத்தார்கள். கோயில், வெந்நீர்க் கிணறு, பக்கத்துக் கடற்கரை ஒன்று. மாமியார் கடற்கரைப் படத்தில் விரலை வைத்து, "இது போதுமே மாப்ள" என்றார். போதாது என்றேன். அது வெளியூர்க்காரர்கள் போகிற இடம். நான் இந்த மண்ணின் மைந்தன். எனக்கென்று ஆள் இருக்கிறது. காலஞ்சென்ற என் அப்பாவின் நண்பர் ஒருவர் மூலம் குணம் என்ற வான் ஓட்டுநரின் எண்ணை வாங்கி, கப்பலிலிருந்தே அழைத்தேன். குடும்பமே சுற்றி உட்கார்ந்திருந்ததால் என் தமிழ் தானாகவே கிழக்கு மாகாணத்துக்கு மாறியது.

"அண்ணே, எல்லாரும் போற பாசிக்குடா வேணாம். வெளியூர் ஆக்கள் போகாத ஒரு கரை வேணும்."

"வெளியூர் ஆக்கள் போகாத கரையா?" அவர் சற்று யோசித்தார். "நீங்க எழுவான்கரையச் சொல்றீங்களா, படுவான்கரையச் சொல்றீங்களா தம்பி?"

எழுவான் என்றால் எழும் சூரியன். படுவான் என்றால் படும் சூரியன். ஆக இரண்டு கடற்கரைகள். என் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. (அது மின்னல் வேகத்தில் வேலை செய்த எந்த நாளும் எனக்கு நல்ல நாளாக இருந்ததில்லை.) சூரியன் எழும் கரையில் காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும், மாமியாருக்கு வெயில் ஆகாது. படும் கரையில் வெயில் முதுகுப் பக்கம். மேலும் அப்பா உயிரோடிருந்தபோது படுவான்கரைத் தயிரைப் பற்றி எச்சில் ஊறப் பேசுவார். கடற்கரையில் எதற்காகத் தயிர் விற்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"படுவான்கரை" என்றேன்.

"ஓம், அதுதான் சரி. அங்க வெளியூர் ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டாங்க. நீங்க ரோட்டில நிண்டு பாத்தாப் போதுமா, இல்ல வட்டைக்குள்ள இறங்கப் போறீங்களா?"

வட்டை. வட்டமான குடாவாக இருக்க வேண்டும். "இறங்கத்தானே வாறம் அண்ணே. எவ்வளவு தண்ணி இருக்கும்?"

"இடத்துக்கு இடம் தம்பி. கணுக்காலளவும் இரிக்கி, இடுப்பளவும் இரிக்கி."

"அலை?"

அவர் சிரித்தார். "வட்டைக்குள்ள என்ன அலை? காத்தடிச்சா அலை மாதிரி ஆடும். பாக்க நல்ல வடிவு."

ஃபோனை வைத்துவிட்டு நான் பார்த்த பார்வையில், மாமனார் அந்த வண்ண அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை குணம் அண்ணன் வானோடு துறைமுகத்தில் காத்திருந்தார். மாமியார் சுடிதாருக்குள் நீச்சல் உடையை அணிந்திருந்தார். கழுத்தோரம் ஒரு மஞ்சள் பூ எட்டிப் பார்த்தது. வழியெல்லாம் எது தென்பட்டாலும் கேட்டுக்கொண்டே வந்தார். பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறியபோது, "இதுதானா?" என்றார். அங்கே கடல் ஒரு பக்கம், களப்பு என்ற உப்பேரி ஒரு பக்கம். "இல்ல அத்தை, இதைவிட அமைதியா இருக்கும்" என்றேன். பாசிக்குடாவுக்குத் திரும்பும் பலகை வந்தது. வான் திரும்பவில்லை. மாமியாரின் கழுத்து மட்டும் திரும்பியது. வாழைச்சேனை போனது. கிரானில் பெரிய தெருவை விட்டு விலகி வான் உள்ளே நுழைந்தது.

என் மாமனாருக்குக் கைப்பேசியில் திசைகாட்டி பார்ப்பது ஒரு பழக்கம். வீட்டுக்குள் நடக்கும்போதுகூடப் பார்ப்பார்.

"மாப்ள, நாம மேற்கால போறோமே. கடல் கிழக்கால இல்ல இருக்கு?"

"இது படும் கரை மாமா. மேற்கேதான் வரும்."

ஒரு தீவின் கிழக்குக் கரையில் நின்றுகொண்டு, மேற்கே போனால் கடல் வரும் என்று நான் சொன்னேன். வரும்தான். தீவின் மறு பக்கம், நீர்கொழும்பில்.

"இந்தா, வந்திட்டம்" என்றார் குணம் அண்ணன். அதைக் கேட்டதும் மாமனார் பையிலிருந்து காற்றடிக்கும் டியூபை எடுத்து ஊத ஆரம்பித்தார். அவர் ஊதி முடித்து மூடியைத் திருகவும் வான் நிற்கவும் சரியாக இருந்தது. கதவைத் திறந்தேன்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல். காற்றடித்தது. அலை மாதிரி ஆடியது. உண்மையிலேயே நல்ல வடிவு.

மாமனார் வாத்துத் தலை வைத்த டியூபைக் கக்கத்தில் இடுக்கியபடி இறங்கி நின்றார். களை பிடுங்கிக்கொண்டிருந்த இருவர் நிமிர்ந்து வாத்தைப் பார்த்தார்கள்.

"கடல் எங்க அண்ணே?" என்றேன்.

"கடலா?" குணம் அண்ணன் நிஜமாகவே குழம்பிப் போனார். "கடல் எழுவான்கரைப் பக்கமெல்லோ. நீங்கதானே தம்பி படுவான்கரை எண்டு சொன்னீங்க. வெளிநாட்டில இருந்து வாற ஆக்கள் அப்பாட வட்டை பாக்கத்தான் வாறது. நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கரை என்றால் கடலின் கரை அல்ல, ஊருக்குள் நீண்டு கிடக்கும் உப்பேரியான வாவியின் கரை. வாவிக்குக் கிழக்கே கடலோரம் இருப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் மாடும் தயிருமாக இருப்பது படுவான்கரை. வட்டை என்றால் வயல்வெளி. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இங்கே இது தெரியும். மண்ணின் மைந்தனுக்குத் தெரியவில்லை.

"இப்ப பாசிக்குடா போகலாமா?" என்று வித்யா கேட்டாள். என்னைக் கேட்கவில்லை, குணம் அண்ணனைக் கேட்டாள்.

"கிறுகிப் போகலாம். ஆனா அங்க இறங்கிக் குளிச்சா மறுகா கப்பலப் பிடிக்க ஏலா."

மாமியார் துப்பட்டாவை இழுத்து அந்த மஞ்சள் பூவை மறைத்துக்கொண்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பூவை மறைத்ததைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. வயல் வரப்பைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் மாமியாரைக் காணோம். வீதியோரம் ஒரு வாய்க்கால் ஓடியது. தெளிந்த தண்ணீர். அதில் உட்கார்ந்து, கழுத்தளவு அமிழ்ந்து ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்தார். மாமியார் கரையில் குந்தி அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இதுல அலை வருமா?"

"வாய்க்கால்ல எப்பிடியம்மா அலை வாறது?"

"முதலை?"

"அது ஆத்துப் பக்கம். அங்க மட்டும் போக ஒண்ணா." (வாவியை இங்கே ஆறு என்பார்கள். அன்றைக்கு அதையும் கற்றுக்கொண்டேன்.) "வாங்க, கையத் தாங்க."

மாமியார் எழுந்து வானுக்குள் போனார். வெளியே வந்தபோது கழுத்திலிருந்து கணுக்கால் வரை நீலமும் மஞ்சள் பூவுமாக இருந்தார். குணம் அண்ணன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரை ஆராய்ந்தார். மாமனார் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு வாத்தை நீட்டினார். மாமியார் வாத்தை மறுத்துவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார். முழங்கால் நனைந்தது. இடுப்பு நனைந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்து நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "வித்யா, உக்காந்துட்டேன்டி" என்றார்.

பிறகு எழுந்திருக்கவேயில்லை. அந்தப் பெண்ணின் பெயர் பாக்கியம் என்று தெரிந்துகொண்டார். நெல் எப்போது வெட்டுவார்கள், மாடு எவ்வளவு கறக்கும் என்றெல்லாம் கேட்டார். பாக்கியத்துக்கும் கேள்விகள் இருந்தன. நீச்சல் உடையின் கையைத் தொட்டுப் பார்த்து, "உடம்போட ஒட்டாம நல்லா இரிக்கி, என்ன விலை?" என்றார். கப்பலில் குளிக்க முடியுமா என்றார்.

"மேல் தளத்துல நீச்சல் குளமே இருக்கு" என்றார் மாமியார்.

"கடலுக்கு மேல குளமா? அந்தக் குளத்த விட்டிட்டுக் கடலத் தேடி வந்து, கடல விட்டிட்டு வாய்க்கால்ல இரிக்கிறீங்க. என்னம்மா நீங்க?"

இருவரும் சிரித்த சிரிப்பில் களை பிடுங்கியவர்கள் மறுபடி நிமிர்ந்தார்கள். சற்று மேலே ஓர் எருமை தண்ணீருக்குள் இறங்கியது. "இது கடிக்குமா?" என்று மாமியார் கேட்டார். "அதுவும் உங்களப் போலத்தான், சும்மா இரிக்க வந்தது" என்றார் பாக்கியம். இரண்டு பேரும் எருமையும் சும்மா இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் வித்யா படம் எடுத்தாள்.

திரும்பும் வழியில் பனிச்சங்கேணிப் பாலத்தருகே குணம் அண்ணன் தானாகவே வானை நிறுத்தினார். அஞ்சு நிமிஷம் காலாவது நனைக்கலாமே என்று வித்யா அம்மாவைக் கெஞ்சினாள். மாமியார் ஈரத் தலையோடு கடலைப் பார்த்தார். "வேணாம்டி. அது ரொம்பச் சத்தம் போடுது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்குக் கிடையாது. ஹோட்டலில் இரண்டு வகைத் தோசை இருந்தாலும், "படுவானா, எழுவானா?" என்று மாமனார் கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்லிவிடுவார். ஊர்ப் பேச்சை நானும் குறைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தப் படம் மாமியார் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நெஞ்சளவு தண்ணீரில் நீல உடை, பக்கத்தில் பாக்கியம், பின்னால் எருமை. வருகிறவர்கள் இது எந்த பீச் என்று கேட்காமல் போவதில்லை. மாமியார் முகம் மாறாமல் சொல்வார்:

"எங்க மாப்பிள்ளை ஊர் பீச். அலை கிடையாது, உப்பு கரிக்காது. கரை முழுக்க நெல்லு விளையும்."